ஊர்ப் பெயரில் அனுப்பிய மெயில்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் தங்கச்சி விட்டுப் போனவர்கள். ஆறு பேரும் படித்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்து வைப்பேன். அதற்கு மேல் எழுத்து என்னிடம் வரவில்லை, நானும் அதைக் கூப்பிடவில்லை. ஆனால் குருநகர்க் கரையில் பிலோமினா என்றால் எந்தப் பிலோமினா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தால், ஓம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் மீன்காரப் பெண்கள் சங்கத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகளே, போன ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்றபோது நீங்கள் இருவரும் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "அன்ரி, புதுக் கடையளுக்கும் விடுதியளுக்கும் எழுதுற மெயில் எல்லாம் உங்கடை பேரிலை போகுது. நீங்கள் வேலையை விட்டிட்டியள். இனி அதை மாத்தலாமோ?" உங்களில் ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பிலோமினா எண்டு பழைய பேராக் கிடக்கு" என்றும் சொன்னாள். நான் கோபிக்கவில்லை. பழைய பெயர்தான். என்னோடு சேர்ந்து பழசானது. ஆனால் கோயில் வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

மீன் வெட்டுவது, கழுவுவது, ஐஸ் போடுவது பற்றி இதில் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதை மேசையில் நின்று பழகுவீர்கள், கையில் இரண்டு வெட்டு விழுந்தால் சரி. நான் சொல்லப் போவது ஆருடைய பெயரில் எழுதுவது என்பதைப் பற்றி மட்டும்.

இது நடந்து கனகாலம் ஆகவில்லை. நிரோஷாவின் கலியாணத்துக்கு முதல் நடந்தது. நிரோஷாவை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் இப்போது இருக்கிற கதிரையில் உங்களுக்கு முன் இருந்த பிள்ளை. மானிப்பாயிலிருந்து பஸ்ஸில் வந்து போனவள். மீன் நாற்றத்துக்கு முதல் கிழமை மூக்கைப் பொத்தினாள். பிறகு எங்களோடு இருந்து சாப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டாள், வெள்ளிக்கிழமை தவிர.

அப்போது சங்கத்தில் பாதிப் பெண்கள் நண்டு மேசையில், பாதிப் பெண்கள் மீன் மேசையில். இரண்டையும் கொழும்பில் ஒரு கொம்பனி எடுத்தது. ஒரு நாள் கொம்பனி எழுதியது, இனி நண்டு மட்டும் போதும், மீன் வேண்டாம் என்று. காரணம் ஒன்றும் எழுதவில்லை. மீன் மேசையில் நின்றவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஐஸ் பெட்டியைப் பார்த்தேன்.

யாழ்ப்பாணம் முழுக்க இப்போது விடுதிகள், கலியாண மண்டபங்கள், சாப்பாட்டுக் கடைகள். அவர்களுக்கு மீன் தேவை. வெட்டித் துப்புரவாக்கிய மீன் என்றால் இன்னும் சந்தோசம். அதனால் முதலில் நாங்கள் நடந்துதான் போனோம். எங்கள் பொருளாளர் றெஜினாவும் நானும் ஒரு பெரிய விடுதி வாசலில் நின்றோம். வாசலில் நின்ற காவலாளி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"மெயில் போடட்டாம்."

"மீனை எப்பிடித் தம்பி மெயிலிலை போடுறது?" என்றாள் றெஜினா.

அவன் சிரிக்கவில்லை. அடுத்த விடுதியிலும் அதே பதில், அதற்கடுத்ததிலும் அதே பதில். எங்களுக்குக் கால் வலித்ததுதான் மிச்சம். திரும்பி வந்து நிரோஷாவிடம் சொன்னோம். அப்போதுதான் அவள் சொன்னாள், முன்பின் தெரியாத ஆட்களுக்கும் மெயில் எழுதலாம், கனபேர் அப்படித்தான் வியாபாரம் பிடிக்கிறார்கள், ஆனால் எந்த விலாசத்தில் இருந்து எழுதுகிறோம் என்பதை முதலில் யோசிக்க வேண்டும் என்று.

மேசை கழுவி முடிந்ததும் எல்லாரும் வாங்குப் பலகைகளை இழுத்துப் போட்டு இருந்தோம். நிரோஷா நின்றுகொண்டு விளங்கப்படுத்தினாள். சங்கத்தின் பெரிய விலாசத்தில் இருந்து இதை அனுப்பக் கூடாது. கொழும்புக் கொம்பனியின் நண்டு ஓடர் அந்த விலாசத்துக்குத்தான் வருகிறது. தெரியாத ஆட்களுக்கு எழுதினால் சிலர் எரிச்சலில் 'வேண்டாத கடிதம்' என்கிற பட்டனை அமத்திவிடுவார்கள். கனபேர் அப்படி அமத்தினால் அந்த விலாசத்துக்கே கெட்ட பெயர். பிறகு கொம்பனிக்கு எழுதுகிற கடிதமும் அவர்களின் குப்பைப் பெட்டிக்குள் விழும்.

"அப்ப, நல்ல மீன் கிடக்கிற பெட்டிக்கை சந்தேகமான மீனைப் போடாதேங்கோ எண்டுறாய்," என்றேன்.

"ஓம் அன்ரி. அதேதான்."

புது விலாசம் ஒன்று எடுப்பதென்று முடிவாயிற்று. அதற்கு என்ன பெயர் வைப்பது? 'இன்போ' என்று ஒன்று இருக்கிறது, கன இடங்களில் அப்படித்தான் வைக்கிறார்கள் என்றாள் நிரோஷா.

"ஆரடி அந்த இன்போ?" என்று கேட்டாள் றெஜினா.

"ஆள் இல்லை றெஜினாக்கா. தகவல் எண்டு அர்த்தம்."

"ஆளே இல்லாத பேருக்கு ஆர் பதில் போடுவினம்?"

"அதுவும் சரிதான்," என்று நிரோஷா ஒத்துக்கொண்டாள். "ஆளின்ரை பேர் இருந்தால்தான் திறந்து பாப்பினம்."

அப்படியானால் உன் பெயரையே வை என்றோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பரீட்சித்துப் பார்க்க இரண்டு இடங்களுக்குத் தன் பெயரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறாள். ஒரு இடத்தில் இருந்து உடனே பதில் வந்ததாம், வாட்ஸ்அப் நம்பரையும் படம் ஒன்றையும் அனுப்பச் சொல்லி.

"மீனின்ரை படமோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

வாங்கு முழுக்கச் சிரித்தது. நிரோஷா சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் நான் கையைக் காட்டினேன், சிரிப்பு நின்றது. அந்தக் கதையை அதோடு விட்டோம்.

அப்போதுதான் றெஜினா எழும்பினாள். "ஊரின்ரை பேரை வைப்பம். ஊரின்ரை பேர், பக்கத்திலை மீன். அவ்வளவுதான். எங்கடை ஊர் மீன் எண்டால் யாழ்ப்பாணத்திலை ஆருக்குத் தெரியாது?"

நிரோஷா தட்டிப் பார்த்தாள். அந்தப் பெயரை ஒருவரும் எடுக்காமல் கிடந்தது. "எங்களுக்கெண்டுதான் வச்சிருக்கு!" என்று றெஜினா கை தட்டினாள், எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். ஊரின் பெயர் கொம்பியூட்டரில் வெளிச்சமாக எழும்பி நின்றபோது எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. நிரோஷா மட்டும் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"ஊரின்ரை பேர் முழுக்க எங்களுக்கு மட்டும் வருமோ அன்ரி?"

"நாங்கள் ஊரில்லாமல் வேறை ஆர்?" என்று றெஜினா எனக்கு முதல் பதில் சொல்லிவிட்டாள்.

நிரோஷா புத்தியாகத்தான் அனுப்பினாள். ஒரே நாளில் எல்லாருக்கும் அள்ளி வீசவில்லை. நாளுக்குக் கொஞ்சம், ஒவ்வொரு விடுதிக்கும் அதன் பெயர் சொல்லி, தமிழிலும் இங்கிலீசிலும். எங்கள் ஊர் மீன்காரப் பெண்கள் இனி துப்புரவாக வெட்டி, ஐஸ் போட்டு, உங்கள் வாசலுக்கே கொண்டுவந்து தருவோம் என்று எழுதியிருந்தாள். வாசித்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது.

பதில்கள் வரத் தொடங்கின. புகையிரத நிலையத்துப் பக்கம் ஒரு விடுதி கிழமை முழுக்கத் தரச் சொல்லி எழுதியது. நாங்கள் எதிர்பார்த்ததை விடப் பெரிய ஓடர். அது ஒன்றே மீன் மேசையை நிமிர்த்திவிடும் என்று றெஜினா சொன்னாள். அடுத்த நாள் விடியக் கரையில் ஏலத்தில் மீன் எடுத்து முதல் பெட்டியை அனுப்புவதென்று ஏற்பாடு.

ஏற்பாடு செய்த அன்று காலையிலேயே செலின் என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

செலின் எங்கள் சங்கத்து ஆள் இல்லை. சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். "மேசைக்குப் பின்னாலை வரிசையிலை நிக்க எனக்குச் சரிவராது" என்று மறுத்தவள். என்னோடு சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வித்தவள், என்னை விட இளையவள். முழங்கால் பழுதான பிறகு சந்தையில் குந்தியிருக்க முடியாமல் போய், ஒரே ஒரு விடுதிக்கு மட்டும் காலையில் பஸ்ஸில் மீன் கொண்டுபோய் அங்கேயே வெட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். புகையிரத நிலையத்துப் பக்கத்து அந்த ஒரு வாசல்தான் அவளுக்குச் சோறு.

வந்தவள் தன் அலுமினியப் பேசினை என் முற்றத்தில் வைத்தாள். அதற்குள் ஒட்டியும் விளைமீனும் வெட்டாமல் அப்படியே கிடந்தன.

"என்னடி, இண்டைக்குப் போகேல்லையோ?" என்றேன்.

"போனனான் அக்கா. இனி நீங்கள் வரத் தேவையில்லை எண்டு மனேஜர் சொல்லிப்போட்டார். இனி எல்லாம் ஒபீசாலை வருமாம். எங்கடை ஊராலை மெயில் வந்ததாம்." அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. "எவ்வளவு காலம் பக்கத்திலை இருந்தனாங்கள் அக்கா. என்ரை வாடிக்கையை நீங்கள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. இப்ப ஏன் கூப்பிட்டனீங்கள்?"

பிள்ளைகளே, இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். சந்தையில் ஒவ்வொருத்திக்கும் வாடிக்கை ஆட்கள் உண்டு. உன்னுடைய வாடிக்கை என் மீனுக்கு முன்னால் வந்து நின்றால் நான் கூப்பிட மாட்டேன். முகத்தைத் திருப்பி மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு இருப்பேன். அந்த ஆள் தானாகக் கேட்டால் மட்டும் கொடுப்பேன், அதையும் பிறகு உன்னிடம் சொல்லுவேன். இது எங்கும் எழுதிக் கிடக்கிற சட்டமில்லை. நான் முதல் நாள் சந்தையில் குந்தியபோது, எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மனுசி என் வாயில் ஈரக்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பழக்கியது. அவவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எல்லாரும் அவவைப் பெரியாச்சி என்பார்கள்.

சந்தையில் ஒருத்தியும் செய்யாத காரியத்தை நாங்கள் எல்லாரும் கூடியிருந்து கொம்பியூட்டரில் செய்திருக்கிறோம். நிரோஷாவைக் குறை சொல்ல மாட்டேன். மானிப்பாய்ப் பிள்ளைக்கு எங்கள் சந்தை வழக்கம் எப்படித் தெரியும்? அதைத் தெரிந்த நாங்கள் அத்தனை பேர் இருந்தோம். சந்தையில் பக்கத்தில் இருப்பவளின் முகம் தெரியும். மெயிலில் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"பேசினை இஞ்சையே வச்சிட்டுப் போ," என்று செலினிடம் சொன்னேன். "மீனை நான் ஐஸிலை போடுறன். பின்னேரம் உன்னட்டை வாறன்."

"வந்து என்ன சொல்லப் போறியள்?"

"தெரியாது. வந்து சொல்லுறன்."

சங்கத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். றெஜினாவும் நல்ல பெண், பொல்லாதவள் இல்லை. ஆனால் மீன் மேசைப் பெண்களுக்கு வேலை தேட வேண்டிய பாரம் அவள் தலையில்.

"அக்கா, செலினைத் துரத்தச் சொல்லி நாங்கள் எழுதேல்லை. அந்த மனேஜர்தான் தானா விரும்பி எடுத்தவர். இஞ்சை மேசையிலை நிக்கிறவையும் பெண்டுகள்தானே? அவையளை ஆர் பாக்கிறது?"

அவள் கேட்டது நியாயம். விடிந்தால் ஏலம். மீன் எடுத்துவிட்டால் பிறகு அது எங்கள் வியாபாரம், செலினின் வாசல் போனது போனதுதான். எடுக்காமல் விட்டால் மேசையில் நிற்கிறவர்களுக்கு என்ன சொல்வது? எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இப்படியான நேரத்தில் வயது போனவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தெரியாத ஆளைப் பற்றி மேசையில் இருந்து யோசிப்பதை விட, போய் முகத்தைப் பார்ப்பது நல்லது.

"நிரோஷா, செருப்பைப் போடு. ஓட்டோவைக் கூப்பிடு," என்றேன்.

விடுதி வாசலில் காவலாளி ஒருவன் மறித்தான்.

"மெயில் போட்டனீங்களோ?"

"போட்டது," என்றேன். "அதாலைதான் வந்தனான்."

மனேஜர் சின்னப் பெடியன், கரவெட்டிப் பக்கம். நான் கதவைத் திறந்ததும் எழும்பி நின்றான். கதிரை இழுத்துப் போட்டான். "இருங்கோ அம்மா" என்றான். சண்டை பிடிக்க வந்தவளுக்கு இது பெரிய இடைஞ்சல். நான் இருக்காமல் நின்றேன்.

"தம்பி, செலினை ஏன் வரவேண்டாம் எண்டு சொன்னனீங்கள்?"

அவன் முழித்தான். "வரவேண்டாம் எண்டு சொல்லேல்லையே. அவ பாவம், அந்தக் காலோடை பஸ்ஸிலை இழுபடுறா. இப்பதான் ஊர்ப் பெண்டுகள் எல்லாம் ஒண்டாச் சேர்ந்து ஒபீஸ் வச்சிட்டியளே. பெட்டி ஓட்டோவிலை வரும், நீங்கள் அங்கை ஒபீசிலை இருந்து வெட்டி அனுப்புங்கோ, இனிக் காலமை வரத் தேவையில்லை எண்டு சொன்னனான். அவ ஒண்டும் பேசாமல் பேசினைத் தூக்கிக்கொண்டு போட்டா. எனக்கும் என்னடா எண்டு இருந்தது."

"செலின் எங்கடை ஒபீசிலை இல்லைத் தம்பி."

"இல்லையோ?" அவன் கதிரையில் இருந்துவிட்டான். "மெயில் ஊரின்ரை பேரிலைதானே வந்தது? ஊரிலை மீன் வெட்டுற ஆக்கள் எல்லாரும் எண்டுதான் நான் நினைச்சன். செலின் அக்கா இல்லாமல் அது எப்பிடி ஊர் மீன்? நான் பதில் போடேக்கையும் செலின் அக்காவுக்கு எண்டுதானே எழுதினனான்!"

நான் நிரோஷாவைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "ஓம் அன்ரி. மேலை 'செலின் அக்கா' எண்டு இருந்தது. ஆரோ ஒரு ஆளின்ரை பேரை மாறிப் போட்டார் எண்டு நினைச்சிட்டன்."

அவள் மேலும் பிழையில்லை. சங்கத்தில் செலின் என்று ஒருவரும் இல்லையே.

நானும் அவன் இழுத்துப் போட்ட கதிரையில் இருந்தேன். அவன் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னான். காலையில் இருந்து என் நெஞ்சில் இருந்த கல், அந்தத் தேத்தண்ணி வருவதற்குள் இறங்கிவிட்டது. இவன் செலினைத் தள்ளிவிடவில்லை, அவளுடைய காலுக்கு இரக்கப்பட்டிருக்கிறான். நாங்களும் அவளுடைய சோற்றைப் பறிக்க நினைக்கவில்லை. கெட்டவர் ஒருவரும் இல்லாமலே ஒருத்தியின் வாசல் அடைபடப் பார்த்திருக்கிறது. எங்களுக்கு வராத ஒரு பெயரை நாங்கள் போட்டுக்கொண்டோம். அவன் அதை நம்பினான்.

"நாளைக்கு எங்கடை பெட்டி வராது தம்பி," என்றேன். "செலின்தான் வருவாள். பஸ்ஸிலையோ ஓட்டோவிலையோ எண்டதை நீங்களும் அவளும் கதையுங்கோ."

"எனக்கு அவ வெட்டுற மீன்தான் அம்மா வேணும். அவ பாரை மீன் வெட்டினால் குசினியிலை இருக்கிறவை ஒரு குறையும் சொல்லாயினம்." பிறகு அவன் தயங்கி, "கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. அப்ப நீங்கள் ஆர்? இனி ஏதும் தேவை எண்டால் நான் ஆரின்ரை பேருக்கு எழுதுறது?" என்றான்.

பிள்ளைகளே, எங்களுக்கு நாலு நாள் வகுப்பு வைத்திருந்தாலும் இதை விட நன்றாக ஒருவர் கேட்டிருக்க மாட்டார்கள். ஊருக்கு எழுத முடியுமா? ஊர் பதில் சொல்லுமா? ஊர் அழுகின மீனுக்கு வந்து நின்று மன்னிப்புக் கேட்குமா?

அங்கிருந்து நேரே செலின் வீட்டுக்குப் போனோம். அவள் குசினிக்குள் இருந்தாள், அடுப்புப் பற்றவைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. நிரோஷா தன் போனில் அந்தப் பதிலை எடுத்துக் காட்டி, "பாருங்கோ, 'செலின் அக்கா' எண்டு போட்டிருக்கு" என்று விரலால் தொட்டுக் காட்டினாள். என்னைப் போலவே செலினுக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கூட்டி வாசித்தாள். இரண்டாம் தரமும் வாசித்தாள்.

"எனக்கெண்டு நினைச்சோ எழுதினவன்?"

"உனக்கெண்டு நினைச்சுத்தான்."

"அப்ப அந்த இங்கிலீசு மெயிலை நான் எழுதினனான் எண்டோ நினைச்சவன்?"

"ஓமடி."

செலின் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளாக்கும் என்று நான் கிட்டப் போனேன். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு இருந்தாள். சிரிப்பு நிற்கவில்லை. "அடக் கோதாரி! நான் இங்கிலீசிலை மெயில் போடுறவள்! அந்தப் பெடியனுக்கு ஒருத்தரும் உண்மையைச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா!" அதற்குப் பிறகுதான் கண்ணைத் துடைத்தாள். பிறகு எங்களுக்கு முன்னாலேயே அடுப்பை மூட்டினாள். பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, ஐஸில் கிடந்த தன் மீனை எடுத்து, ஒவ்வொன்றின் செவுளையும் தூக்கிப் பார்த்து, "பழுதில்லை" என்று எனக்குச் சான்றிதழ் தந்துவிட்டுப் போனாள். அவளுடைய மீனைப் பழுதாக்குவேன் என்று நினைத்தாளே, அதுதான் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

அடுத்த நாள் விடிய அவள் பஸ்ஸில் போகவில்லை. அந்தப் பெடியன் ஓட்டோ அனுப்பியிருந்தான்.

ஆனால் எங்கள் மேசை இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. மறுபடியும் வாங்குகளை இழுத்துப் போட்டு இருந்தோம். இந்த முறை ஒருவரும் கை தட்டவில்லை. ஊர்ப் பெயர் விலாசத்தை மூடிவிடுவது என்று முதலில் முடிவெடுத்தோம். நிரோஷா சொன்னாள், அனுப்புகிற விலாசத்தில் ஒரு ஆளின் பெயரும் சங்கத்தின் பெயரும் சேர்ந்து இருக்க வேண்டும், அந்த ஆள் போன் அடித்தால் எடுக்கிற ஆளாக, வந்து கேட்டால் நிற்கிற ஆளாக இருக்க வேண்டும் என்று.

றெஜினா என்னைக் காட்டினாள். "பிலோமினாக்காவின்ரை பேரைப் போடு. இவவைத் தெரியாத ஆள் இல்லை. வாட்ஸ்அப்பிலை ஒருத்தனும் படம் கேக்கவும் மாட்டான்."

"கேட்டால் அனுப்பு," என்றேன் நிரோஷாவிடம். "என்ரை கலியாணப் படம் இருக்கு."

அப்போது நிரோஷாவும் சிரித்தாள்.

முன்பு எழுதிய எல்லா இடங்களுக்கும் என் பெயரில் இன்னொரு மெயில் எழுதினோம். நான் சொல்லச் சொல்ல நிரோஷா தட்டினாள். முன்பு ஊர்ப் பெயரில் வந்த கடிதம் எங்கள் சங்கத்துப் பெண்கள் எழுதியது, ஊரில் எல்லாருக்காகவும் எழுத எங்களுக்கு உரிமை இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே மீன் கொண்டுவருகிற ஆள் இருந்தால் அந்த ஆளிடமே எடுங்கள். ஒருவரும் இல்லையென்றால், அல்லது கலியாணம், விசேசம் என்று அவருடைய கைக்கு மேலே தேவைப்பட்டால், எனக்கு எழுதுங்கள். இப்படிக்கு பிலோமினா.

றெஜினா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "வாற ஆக்களை மெயில் போட்டுக் கலைக்கிற ஒரே சங்கம் நாங்கள்தான்!"

அவள் பயந்தது முழுக்கப் பொய்யில்லை. சிலர் ஓடரை நிறுத்தினார்கள். எங்கள் பெட்டியை எதிர்பார்த்துக்கொண்டிருந்த ஒரு கடை, தன் பழைய மீன்காரியிடமே திரும்பிப் போயிற்று. இரண்டு கிழமை மேசையில் பாதிப் பேர் வெறும் கையோடு வீட்டுக்குப் போனார்கள். அந்த இரண்டு கிழமையும் நான் ஒருவருடைய முகத்தையும் நேரே பார்க்கவில்லை. பிறகு ஒரு பேக்கரி எழுதியது. அவர்களின் மீன் பணிசுக்கு மீன் கொண்டுவந்த ஆள் வெளிநாடு போய்விட்டாராம். அதற்குப் பிறகு மாணவர்கள் தங்குகிற ஒரு விடுதி எழுதியது. பிறகு ஒரு கலியாண மண்டபம். அந்த மண்டபத்துக்கு எங்கள் பெயரைச் சொன்னது ஆர் என்று தெரியுமா? புகையிரத நிலையத்துப் பக்கத்து மனேஜர்ப் பெடியன். அவனிடம் சொல்லச் சொன்னது செலின்.

மேசை நிமிர்ந்தது. றெஜினா ஒரு நாள் எனக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சீனி கூடப் போட்டிருந்தாள். அது அவளுடைய பாசை.

என் பெயரில் போகிற ஒவ்வொரு மெயிலையும் அனுப்புவதற்கு முதல் எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று நிரோஷாவிடம் சொல்லியிருந்தேன். கடைசி நாள் வரையும் அவள் அதை விடவில்லை. சில வேளை நான் ஒரு சொல்லை மாற்றச் சொல்வேன். சில வேளை அவள் என்னோடு வாக்குவாதப்பட்டு வெல்வாள். ஒருமுறை 'தரமான மீன்' என்று எழுதியிருந்தாள். அன்று மழை, படகு போகவில்லை, முந்தின நாள் மீன். அதை எடு என்றேன். 'ஐஸில் வைத்த நேற்றைய மீன்' என்று எழுதினோம். அதையும் வாங்கினார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாற்றலாமா என்று கேட்டீர்கள். மாற்றுங்கள். கட்டாயம் மாற்றுங்கள். நான் வேலையை விட்டுவிட்டேன். ஒரு விடுதியில் மீன் சரியில்லை என்று ஒருவர் கோபத்தோடு போன் அடித்தால், நான் இங்கே பேரப்பிள்ளைகளோடு கஞ்சி குடித்துக்கொண்டு இருப்பேன். மேசையில் இல்லாத ஆளின் பெயர் கடிதத்தில் இருந்தால், அதுவும் அந்த ஊர்ப் பெயரைப் போலத்தான். கேட்க நன்றாக இருக்கும், பதில் சொல்லாது. உங்களில் ஆர் அந்தப் போனை எடுப்பீர்களோ அவளின் பெயரைப் போடுங்கள். இருவரும் எடுப்பீர்கள் என்றால் இருவரின் பெயரையும் போடுங்கள். அசிங்கமாகப் பதில் எழுதுகிறவன் வந்தால் றெஜினாவிடம் கொடுங்கள். அவள் எழுதுகிற பதிலுக்குப் பிறகு அவன் மெயில் எழுதுவதையே விட்டுவிடுவான்.

மாற்றும்போது செலினுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இன்னும் சங்கத்தில் சேரவில்லை, சேரவும் மாட்டாள். ஆனால் விலாசம் மாறினது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெடியன் உங்களுக்கு எழுதுகிறதையும் அவளுக்கென்று நினைத்து எழுதிவிடுவான்.

சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

ராசாத்தி, நீ எழுதினதை மேலையிருந்து ஒருக்கா வாசி, பாப்பம். ஓடாதை, ஆறுதலா வாசி. செலினைப் பற்றி வாற இடத்திலை கொஞ்சம் நிப்பாட்டு. அவள் சிரிச்சது சரியாய் வந்திருக்கோ எண்டு நான் கேக்க வேணும். என்ரை பேரிலைதான் போகுது.